குளமாகிப்போன மைதானம்

"கால்வாய் வெட்டச் சொன்னா, பிள்ளைங்க விளையாடுற இடத்தைக் குளமாக்கி வச்சிருக்காங்க சார் இந்தம்மா! நீங்களே பாருங்க!"

குடியிருப்புச் சங்கத் தலைவரின் குரல் நாலு தெருவுக்குக் கேட்டது. மைக் இல்லாமலே கூட்டம் நடத்துகிறவர் என்பதால் அவருக்குப் பட்டப்பெயரே 'மைக் மாமா'.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. மைதானத்தில் கோல் கம்பத்தின் பாதி வரை தண்ணீர். குடையை மடக்கியபடி சுற்றி நின்ற கூட்டம் மாமாவுக்கு ஆமாம் போட்டது.

"உன்னை நம்பித்தானேம்மா கையெழுத்துப் போட்டேன்?" என்றார் தலைமைப் பொறியாளர்.

அவர் கேட்டது, மைதானத்தைப் பள்ளமாகத் தோண்டவைத்த இளம் பொறியாளரை. இது சொதப்பினால் மைதானத்தை மறுபடியும் மேடாக்கிவிடுவார்கள். மற்ற பகுதிகளுக்கு அவள் போட்ட திட்டமும் குப்பைக்கூடைக்குத்தான்.

"சார், பழைய மழைக் கணக்கையெல்லாம் அலசிட்டேன். மழை கூடல. முன்னே நாள் பூரா பெய்ஞ்சது இப்போ ஒரேயடியாக் கொட்டுது. எவ்வளவு பெரிய குழாயும் திணறும். அதான் தண்ணியைக் கொஞ்ச நேரம் இந்தப் பள்ளத்துல உட்கார வச்சு, அப்புறம் மெதுவா அனுப்பறோம். காலைல வடிஞ்சிருக்கும்."

"கேட்டீங்களா கதையை! தண்ணி உட்காருமாம். காபி ஏதாவது குடுக்கணுமா அதுக்கு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

தலைமைப் பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"போன வருஷ மழை இதைவிடப் பெருசோ?" என்று மைக் மாமாவைக் கேட்டார்.

"அதெல்லாம் தூறல் சார். இன்னிக்குப் பெய்ஞ்சதுதான் பேய் மழை!"

"அந்தத் தூறலுக்கே எனக்குப் போன் பண்ணித் திட்டினீங்களே, எங்கிருந்து பண்ணீங்க?"

"மொட்டை மாடியிலேருந்து. தெருவுல இடுப்பளவு தண்ணி. எப்படி சார் இறங்கறது?"

"இன்னிக்கு எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்..."

மாமா அப்படியே நிறுத்திவிட்டுத் தன் காலைப் பார்த்தார். கூட்டமும் குனிந்து பார்த்துக்கொண்டது. ஒருத்தர் கணுக்கால்கூட நனைந்திருக்கவில்லை.

அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

"அடுத்து எந்த மைதானத்தைத் தோண்டணும்மா?" என்றார் தலைமைப் பொறியாளர்.