கேட்ட நியாயம்

"நூத்துக்கு நாப்பது பேர் எங்க பொம்பளைங்க அணிக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க தலைவரே. கமிட்டியில எங்களுக்கு ஒரு சீட்டு கூட இல்ல. இதுக்குப் பேரு என்ன?"

"தேர்தல்" என்றார் சங்கத் தலைவர். "பத்து செக்‌ஷன், பத்து சீட்டு. அந்தந்த செக்‌ஷன்ல அதிகமா வாங்கினவன் ஜெயிச்சான். நீங்க பத்துலயும் ரெண்டாவதா வந்தீங்க. அதுக்கு நான் என்ன தங்கச்சி பண்ணுவேன்?"

அவள் அந்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காஜா எடுப்பவள், அதாவது பொத்தான் துளை தைப்பவள். எல்லோருக்கும் காஜா அக்கா. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இதே அறைக்கு வந்து இதையே கேட்பாள். அவர் சிரித்து அனுப்பிவிடுவார். இப்போது அடுத்த தேர்தலே வரப்போகிறது.

இந்த முறை அவளால் சும்மா திரும்ப முடியவில்லை. கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். செக்‌ஷனுக்கு இரண்டே டோக்கன். போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே புடவையை நனைத்துக்கொண்டு, தலை நிமிராமல் தைத்துக்கொண்டே அழுதாள். கமிட்டியில் அதைப் பேச ஒருத்தி இல்லை.

"வாங்கின ஓட்டுக்கு ஏத்த மாதிரி சீட்டைப் பிரிங்க. நாப்பதுக்கு நாலு. அதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு குடுத்தாலும் வேணாம்."

தலைவர் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"சரி. மாத்திடலாம்."

"என்ன சொன்னீங்க?"

"மாத்திடலாம்னேன். நீ கேக்கறது நியாயம்தானே?"

பொதுக்குழுவில் அவரே எழுந்து பேசினார். "ஒரு தொழிலாளியோட ஓட்டு கூட வீணாப் போகக் கூடாது!" பெண்கள் பக்கம் விசில் பறந்தது. விதி மாறியது. இஸ்திரி செக்‌ஷன் தோழி காஜா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மனுஷன் இவ்வளவு நல்லவரா அக்கா? தெரியாமப் போச்சே."

தேர்தல் அறிவிப்பு வந்ததும் இன்னொரு சேதியும் வந்தது. தலைவரின் மச்சான் தனி அணியாக நிற்கிறான்.

"வீட்டுக்குள்ளயே வெட்டுக்குத்து" என்று தோழி சிரித்தாள். "நமக்கு நல்ல காலம்தான்."

முடிவு வந்தது. காஜா அக்காவின் அணிக்கு நாற்பத்திரண்டு சதவீதம், நாலு சீட்டு. தலைவருக்கும் நாலு. மச்சானுக்கு இரண்டு. முதல் தடவையாகக் கமிட்டி மேஜையைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்தார்கள்.

முதல் கூட்டத்திலேயே காஜா அக்கா எழுந்தாள். "டோக்கன் முறையை எடுக்கச் சொல்லி நிர்வாகத்துக்குத் தீர்மானம்."

நாலு கைகள் உயர்ந்தன.

"எதிர்க்கிறவங்க?"

தலைவர் பக்கம் நாலு கைகள். மச்சான் அவர் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கையும், அவன் ஆள் கையும் மெதுவாக மேலே போயின.

கூட்டம் முடிந்து தலைவர் மாடிப்படி இறங்கும்போது அவள் வழிமறித்தாள்.

"மச்சானோட பேச்சுவார்த்தையே இல்லைன்னாங்க?"

"இப்பவும் இல்லதான். வீட்டுச் சண்டை வேற, கமிட்டி வேற."

அப்போதுதான் தோழி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "அக்கா, ஓட்டை செக்‌ஷன் செக்‌ஷனாப் பாத்தேன். அவங்க ஓட்டு ரெண்டா உடைஞ்சுருக்கு. பத்து செக்‌ஷன்லயும் நாமதான்க்கா முதல்! பழைய விதியா இருந்திருந்தா…"

'அநியாயம்' என்று சொல்லக் காஜா அக்கா வாயெடுத்தாள்.

"பத்தும் உங்களுக்குத்தான்" என்று தலைவர் முடித்துவைத்தார். "நீ நியாயம் கேட்டு வந்தியே தங்கச்சி, அன்னிக்குக் காலையிலதான் மச்சான் சண்டை போட்டுட்டு என்னை விட்டுப் பிரிஞ்சு போனான்."