ஆரஞ்சு ஜெர்கின்

"வெள்ள வோணாம் நைனா. மேல தொங்குது பாரு ஆரஞ்சு, அத்த எறக்கு."

அங்காளம்மாள் சொன்னதும் பாண்டி பஜார் கம்பளிக் கடையே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. வியாபாரத்தை முடித்துக்கொண்டு நேரே வந்திருந்தாள். மீன் கூடை வாசலில் கவிழ்ந்து கிடந்தது.

"அது வெல ஜாஸ்திம்மா" என்றார் கடைக்காரர்.

"வெலய நானு கேட்டனா? எறக்கு."

மகள் ரத்னா நெளிந்தாள். பக்கத்தில் அவளோடு கல்லூரியில் படிக்கும் மஹதியும், மஹதியின் அம்மா ஜெயலக்ஷ்மியும் நின்றிருந்தார்கள்.

என்.சி.சி. மூலமாக மணாலியில் பதினைந்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சி. கல்லூரியிலிருந்து தேர்வானது இவர்கள் இரண்டே பேர்தான். பனி என்று மஹதி இதுவரை பார்த்தது ஃபிரிட்ஜில். ரத்னா பார்த்தது மீன் பெட்டியில்.

மஹதி ஏற்கெனவே வெள்ளை ஜெர்கின் எடுத்துவிட்டாள். அது பொட்டலமாகக் கட்டி மேஜைமேல் தயாராக இருந்தது. அதே மாதிரி இன்னொரு வெள்ளையை ரத்னா நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைதான் எடுப்பா இருக்கு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டுண்டா ஃபோட்டோல எவ்ளோ அழகா இருக்கும்!" என்றாள் ஜெயலக்ஷ்மி.

அங்காளம்மாள் காதில் வாங்கவே இல்லை. மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஆரஞ்சு ஜெர்கினின் காலரைத் தூக்கிப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் படும்படி கதவில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்தாள்.

"இதான்."

"அம்மா, ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருப்பேம்மா. எல்லாரும் சிரிப்பாங்க." மஹதி பக்கத்தில் இருந்ததால் ரத்னா நல்ல தமிழில் கெஞ்சினாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும். பல்லு அவங்களுது."

கையுறையும் குல்லாவும் வந்தன. கடைக்காரர் சாம்பல் நிறத்தை நீட்டினார். அங்காளம்மாள் அதைத் தள்ளிவிட்டுச் சிவப்பைப் பொறுக்கினாள். அதிலும் பளிச்சென்று இருக்கிற சிவப்பு.

"ரசனைன்னு ஒண்ணு இருக்கே" என்று ஜெயலக்ஷ்மி முணுமுணுத்தாள். அடுத்த கடைக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுக்கச் சிலருக்குத்தான் வரும்.

அங்காளம்மாள் திரும்பினாள். "இன்னாம்மா சொன்ன?"

"தப்பா எடுத்துக்காதேம்மா. எல்லா ஸ்டேட்லேர்ந்தும் பொண்கள் வருவா. கௌரவமா இருக்க வேண்டாமா? கொழந்தைக்குப் புடிச்சதை வாங்கிக் குடுக்கப்படாதா?"

"கவுரவம் எம் பொண்ணு காலுல கீதும்மா. ஓடி மொதலா வந்துதான இட்டுக்கினு போறாங்க? துணியப் பாத்தா இட்டுக்கினு போறாங்க?"

ரத்னா வெள்ளையை மேஜைமேல் எறிந்தாள். நல்ல தமிழும் அதோடு போயிற்று.

"இத்தப் போட்டுக்கினு நான் போவ மாட்டேன். ட்ரெயின்லயே ஏற மாட்டேன், போ!"

"போவாத. ஆனா போனா, இத்தப் போட்டுக்கினுதான் போவ."

"ஏன்னு ஒரு காரணம் சொல்லேன்! இதே அப்பா இருந்திருந்தா, எனக்குப் புடிச்ச வெள்ளையத்தான் வாங்கிக் குட்த்திருக்கும்!"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் ரத்னாவுக்கே தெரிந்தது. அவளுக்கு மூன்று வயதாகும்போது கடலுக்குப் போன அப்பா அங்கமுத்து திரும்பி வரவில்லை. மறு மாதம் அம்மா மீன் கூடையைத் தலையில் தூக்கியவள்தான்.

கடைக்காரர் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அங்காளம்மாள் அழவில்லை. தெருவில் மீன் விலை சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

"வாங்கித்தாண்டி குட்த்திருப்பான் ஒங்கப்பன். அவனுக்கும் வெள்ளன்னா உசுரு. அன்னிக்கும் புத்சா வெள்ள பனியன் போட்டுக்கினுதான் போனான். கட்டுமரம் கவுந்தத கரைலேர்ந்தே பாத்தோம். நாலு மரத்துல ஆளுங்க தேடிக்கினு போனாங்க. கடலு முச்சூடும் நுர. எது நுர, எது பனியன்னு ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல."

ஆரஞ்சு ஜெர்கினை உதறி மகளின் முன்னால் நீட்டினாள்.

"நீ போற எடமும் முச்சூடும் வெள்ளதான? வுயுந்து கெடந்தா, தேடி வர்றவன் கண்ணுல எம் பொண்ணு மொதல்ல படணும். ஃபோட்டோல எப்டி இருந்தா எனக்கு இன்னா?"

ரத்னா அதற்குள் ஒரு கையை நுழைத்தாள். பிறகு இன்னொரு கையை. கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, அந்தப் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்றாள்.

"பேக் பண்ணிடலாமாம்மா?" என்றார் கடைக்காரர் மெதுவாக.

பதில் சொன்னது ஜெயலக்ஷ்மி. மேஜைமேல் இருந்த தன் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கோ. இந்த வெள்ளையைத் திருப்பி எடுத்துக்கோங்கோ. மஹதிக்கும் ஆரஞ்சு ஒண்ணு காட்டுங்கோ."

"ஆரஞ்சு அந்த ஒண்ணுதான்மா இருந்தது. செவப்பு இருக்கு, கிளிப்பச்சை இருக்கு."

"அம்மா! கிளிப்பச்சையா?" என்று மஹதி அலறினாள்.

ஜெயலக்ஷ்மி மகளைப் பார்க்கவில்லை. கிளிப்பச்சையை வாங்கிக்கொண்டு, அங்காளம்மாளையும் அழைத்துக்கொண்டு வாசல் வெயிலுக்கு நடந்தாள். அதை அவள் கையில் கொடுத்தாள்.

"நீங்களே மாட்டி, பத்தடி தள்ளி நின்னு பாத்துச் சொல்லுங்கோ. தூரத்துலேர்ந்து தெரியறதா?"