வெளுத்துப்போன சீட்டுகள்

"எட்டாங்கிளாஸோட நின்னுட்டியே, உனக்குக் கம்ப்யூட்டர் பாக்கத் தெரியுமாட்டி?" என்று வேலைக்குச் சேர்ந்த அன்று பூக்கமிஷன் கடை முதலாளி என்னிடம் கேட்டார். இன்று அவரே அதன் முன் உட்கார்ந்திருக்கிறார். கணக்கு சாஃப்ட்வேர் திறந்து, ஒரு கணம் நின்று, தானே மூடிக்கொள்கிறது. பெட்டியின் முகப்பில் ஒன்பது ஆயுதபூஜைச் சந்தனம் அடுக்கடுக்காய்க் காய்ந்திருக்கிறது. "சாஃப்ட்வேர்ல குறையில்ல அண்ணாச்சி. கணக்கெல்லாம் கிடக்குற டேட்டாபேஸ் ரொம்பப் பழசு. இப்ப அதப் பாக்க ஆளே கிடையாது" என்கிறான் மெக்கானிக், போனில். எதிரே இளையரசனேந்தல் சண்முகத்தாய் மதினி, போன ஐப்பசியில் கடைக்குப் பிச்சிப்பூ போட்டு இன்னும் பணம் வராத பதினாலு நாள் சீட்டுகளை விரிக்கிறாள். மை பறந்து எல்லாம் வெள்ளைத்தாளாகக் கிடக்கின்றன. "கம்ப்யூட்டர் காட்டாம நான் எப்பிடித் தர?" என்கிறார் முதலாளி. "அதுக்கு நாக்கு இழுத்துக்கிட்டுன்னா நான் மழையில பறிச்ச பூவு இல்லைன்னு ஆயிருமா அண்ணாச்சி?" கடையெங்கும் ஈரச்சாக்கு வாசம். மேசைக்கடியில் நான் ஒளித்து வைத்திருக்கும் நோட்டை என் கை தொடுகிறது. கடையில் அன்றன்று நடப்பதை எழுதிவைக்கும் அதை யாருக்கும் காட்டியதில்லை. அந்தப் பதினாலு நாளும் அதில் இருக்கின்றன, எடையோடும், மதினி தலையில் கவிழ்த்து வந்த உரச்சாக்கோடும். விரித்து முதலாளி முன் தள்ளுகிறேன். அவர் விரல் வரிவரியாக இறங்கி, பதினோராம் நாளில் நிற்கிறது. மூணு கிலோ இருநூறு என்ற வரிக்குக் கீழே, மகளிடமிருந்து போன் வந்த பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுததை எழுதியிருக்கிறேன். டியூப்லைட் முனகுகிறது. அவர் கல்லாவைத் திறந்து, பதினாலு நாளுக்கும் எண்ணி மதினி கையில் வைக்கிறார். நோட்டை மூடி என் பக்கம் நகர்த்துகிறார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போகிறார்.