தொப்புளுக்குக் கீழே

"எங்கேம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டதும், எமல்டாவின் கை வழக்கம்போலத் தொப்புளுக்கு மேலே போய் நின்றது. அதற்குக் கீழே தொட்டுக் காட்டுகிற பழக்கம் அவள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. "கேஸ்தான் டாக்டர், நேரத்துக்குத் திங்க மாட்டா" என்றாள் கூட வந்த மாமியார். கேஸ் மாத்திரையிலேயே ஆறேழு வருஷம் ஓடிவிட்டது, வலி ஓடவில்லை. மருந்து எழுதப்போன டாக்டரின் பேனாவைப் பிடுங்கி, வெள்ளைச் சுடிதாரின் மேலேயே அடிவயிற்றில் பெரிய வட்டம் போட்டாள் எமல்டா. "இங்க டாக்டர். மாசாமாசம் கத்திய விட்டுத் திருகுற மாதிரி வலிக்குது. இதுக்குப் பாருங்க."

"துப்பட்டாவ இழுத்து மூடுடி!" என்றாள் மாமியார்.

அவள் மூடவில்லை. ஸ்கேன் சீட்டோடும், கையிலேயே இருந்த டாக்டரின் பேனாவோடும், அந்த வட்டத்தோடும் வெளியே வந்தாள். காத்திருந்த பெண்கள் வெறித்துப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து வந்து கை நீட்டினாள்.

"அக்கா, அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க."