டெனுசனைப் பற்றிய விசாரிப்பு

லண்டன் பிளேஸ்டோவிலிருந்து யேசுரட்ணம் யாழ்ப்பாணத்துத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"டெனுசன் எண்டு இஞ்ச எங்கட கோயிலுக்கு வாற ஒரு பெடியன். படிப்பு, குணம் எல்லாம் திறம். இண்டைக்கு முடிவு சொல்லவேணும். தகப்பன் வின்சன்ற் உங்கட பங்குக்கோயில் ஆள்தான். ஆற்ற ஆக்கள்?"

தம்பி சாதியைச் சொன்னதும் யேசுரட்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப சரிவராது. நாளைக்கு எங்கட வீட்டு மேசையில இருந்து தேத்தண்ணி குடிப்பான்."

"பூசைக்கு உங்களோடதானே வாறவன், அண்ணை?"

"பூசை வேற, வீடு வேற."

"அதுசரி, உங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளையே இல்லையே. ஆருக்கு மாப்பிள்ளை பாக்கிறியள்?"

"மாப்பிள்ளையோ? இனச் சமத்துவத் திட்டம் நடத்த எங்கட சங்கத்துக்கு மானியம் கிடைச்சிருக்கு. பிறப்பைப் பாத்து ஆக்களை ஒதுக்கக்கூடாதெண்டு வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்குடுக்க ஒரு ஆள் எடுக்கிறன்."