பூட்டிய பேட்டரி

"அந்தப் பெரிய பேட்டரி வேணாம் தம்பி. அவருக்கு அதெல்லாம் அதிகம். கீழ்த்தட்டுல ஒரு குட்டி இருக்கே, அதை எடுங்க."

பேட்டரிக் கடைக்காரர் அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். வாசலில் ஒரு காரும், அதன் பின்னால் கொக்கி மாட்டி இழுத்து வந்த சின்ன டிரெய்லரும் நின்றன. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். சக்கரம் வைத்த ஒற்றை அறை, அவ்வளவுதான். அதன் படியில் அவளுடைய கணவர் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, அந்தக் குட்டி ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும். லைட்டு, ஃபேன், தண்ணி பம்ப் எல்லாம் இதை நம்பித்தான் ஓடணும். அப்புறம் சார் இருட்டுலதான் உக்காரணும்."

"உக்காரட்டும். யாரு போகச் சொன்னா?"

கேட்காமலே கொட்டித் தீர்த்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேருமாக ஊர் சுற்ற வாங்கிய வண்டி அது. போன வாரம் ஏதோ பேச்சில், வந்த விருந்தாளிகள் முன்னாலேயே, "நீங்க இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.  மறுநாளே மனுஷன் டிரெய்லரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

"யாரோ சிநேகிதரோட காலி மனையாம், அங்க நிறுத்திக்கிட்டு தனியா இருக்கப் போறாராம். குழாய் இருக்கு, கரண்ட் கிடையாது. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவரு தம்பி. எங்க வீட்டுல ஒரு ஸ்விட்சுக்குக்கூட வெளி ஆள் வந்ததில்ல. இன்னிக்கு என்னடான்னா, 'நீயே பாத்து வாங்கு'ன்னுட்டாரு. வீம்பு!"

கடைக்காரருக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. சொல்லால் அடித்தது போதாதென்று ஆளை இருட்டில் வேறு தள்ளப் பார்க்கிறாளே! மனசு கேட்காமல் எழுந்து அவரிடமே போனார்.

"சார், கூரையில ஒரு சோலார் போட்டுடலாமா? பேட்டரி சின்னதா இருந்தாலும் வெயில்ல தானா ஏறிக்கும்."

"வேணாம். கூரையில ஓட்டை போட்டா ஒழுகும்."

"அப்ப கார்லேருந்து ஒரு ஒயராவது இழுத்துடறேன். வண்டி ஓடும்போதே..."

"அதெல்லாம் எதுக்கு? அவ சொல்றதையே போடுங்க."

இதற்கு மேல் நடுவில் புகுந்து என்ன செய்வது? கடைக்காரர் குட்டி பேட்டரியைத் தூக்கி வந்தார். டிரெய்லரின் கதவை அவர் தாண்டுவதற்குள் அந்த அம்மாள் ஓடி வந்தாள்.

"உள்ள வைக்காதீங்க! சார்ஜ் ஏறும்போது அதுலேருந்து கேஸ் வருமாமே? அவரு தலைமாட்டுல அது வேணாம். வெளிய, முன்பக்க இரும்புச் சட்டத்து மேல வைங்க."

"அங்கதாம்மா வைக்கப்போறேன்."

சட்டத்தின்மேல் ஒரு தட்டு, அதில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பேட்டரி. பெல்ட்டைப் போட்டு இறுக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

"பெல்ட்டை யாரும் அவுத்துடலாம். இரும்புப் பட்டை போட்டுப் பூட்டிடுங்க. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"எதுக்கும்மா, திருடன் பயமா?"

அவள் படியில் இருந்த முதுகை ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல தம்பி. பேட்டரியை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போய் எங்கேயாவது சார்ஜ் ஏத்திக்கிட்டாருன்னா? வண்டியோட வரணும். எங்க வீட்டு வாசல்லதான் பிளக் இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்துதானே ஆகணும்? ஏறி முடியுற வரைக்கும் உக்காந்துதானே ஆகணும்? ஒரு வாய் சாப்பிடாமயா போயிடுவாரு?"

கடைக்காரர் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் முன்பு இவளைப் பற்றி நினைத்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேம்மா."

"இருக்கிறதும் ஒண்ணுதான்னு சொன்ன வாயாச்சே. இப்ப எதுக்குக் கூப்பிடறேன்னு கேட்டா, நான் என்னன்னு சொல்லுவேன்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒருவேளை இங்க வந்தாருன்னா, கடையில சார்ஜர் ரிப்பேர்னு சொல்லிடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பூட்டைப் போட்டு, சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கடைக்குள் போனாள்.

அந்த நேரம் பார்த்து கணவர் எழுந்து வந்தார். கடைக்காரர் அவசரமாக ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். கரண்டிலேயே ஊறிய மனுஷன். ஒரு பார்வையில் எல்லாம் வெளிச்சமாகிவிடுமே! 

கணவர் குனிந்து பேட்டரியை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்தார். சாவி எங்கே என்று கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேட்டரிமேல் ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"இது எத்தனை நாள் தாங்கும்?"

"ரெ... ரெண்டு நாள் தாங்கும் சார்."

அவர் முகம் தொங்கிப்போனது. கடைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைக்காரர் காதருகே வந்தார்.

"ஒரே நாள்ல தீர்ந்துபோற மாதிரி எதுவும் இல்லையா தம்பி?"