குறுக்கே ஒரு கம்பி

பதினொன்று அடித்துவிட்டது. மேஜைமேல் ரேடியோ கரகரவென்று இரைகிறதே தவிர, பள்ளி ஒலிபரப்பு வந்தபாடில்லை. இந்த இருபது நிமிஷப் பாடத்துக்காக ஒரு மாதமாகத் திட்டம் போட்ட எஸ்தர் டீச்சர் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். பிள்ளைகளுக்கான கேள்விகள் கரும்பலகையில் காத்திருக்கின்றன. "இன்னைக்குக் கேக்கலைன்னா பெட்டி பீரோவுக்குள்ள போயிடும்மா," என்கிறார் வாசலில் நிற்கும் ஹெட்மாஸ்டர், கையில் சாவியோடு. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் நாதஸ்வரம். சாமி வருகிறது! பள்ளிக் கூரையிலிருந்து எதிர்வீட்டு மாடிக்கு இழுத்துக் கட்டிய ரேடியோவின் ஏரியல் கம்பி வெயிலில் மின்னுகிறது. சாமி குடையோ அதைவிட உயரம். எஸ்தர் ஜன்னலுக்கு ஓடுகிறாள். "கம்பியை அறுத்துடாதீங்கப்பா!" என்று கத்துகிறாள். "இன்னாத்துக்கு டீச்சர் பயப்படறீங்க? கரண்டுக் கம்பியையே தூக்கறவன் நானு!" நுனி இரண்டாய்ப் பிரிந்த கவைக்கோலோடு ஊர்வலத்துக்கு முன்னால் வரும் நெசவாளி முனிரத்தினம் கம்பியை உயரத் தூக்குகிறார். கரகரப்பு சட்டென்று அடங்குகிறது. "வணக்கம், குழந்தைகளே!" ரேடியோ பேசுகிறது! குடை கடக்கிறது, சாமி கடக்கிறது. கோல் இறங்குகிறது, கூடவே குரலும் அமுங்குகிறது. "தூக்கு மாமா! தூக்கு!" வகுப்பே அலறுகிறது. முனிரத்தினம் போகிற சாமியைப் பார்க்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். "எவ்ளோ நேரம் டீச்சர்?" "இருபது நிமிஷம்," என்கிறாள் எஸ்தர். மேளச் சத்தம் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறது. கோல் மேலேயே நிற்கிறது.